மழைத்துளி, வயது இருபத்திரண்டு

மார்ச் 3

அக்கா,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் உள்ளே வரைக்கும் வந்துவிட்டாயே, அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. எட்டு மாதமாக நாம் பேசவில்லை. நீ சொல்லி வாங்கிக் கொடுத்த வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தது தப்பா சரியா என்று இப்போது மறுபடி ஆரம்பிக்க மாட்டேன். "இனிமே என் வாசப்படி ஏறாதே" என்று நீ சொன்னாய். "ஏறினா என் பேரை மாத்திக்கறேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். ரெண்டு பேரும் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறோம்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ கத்துவாய். காகிதத்தில் கத்த முடியாது. அதோடு, மதியம் ரெண்டு மணிக்கு வேலைக்குள் நுழைந்தால் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு எட்டு மணிக்குத்தான் தருகிறார்கள். என்ன வேலை என்று கேட்காதே. பேசுகிற வேலை. வாய்க்குச் சம்பளம் கிடைக்கும் என்று நீயே சின்ன வயதில் என்னைத் திட்டியிருக்கிறாய், பலித்துவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒருத்தருக்கு நம்முடைய குரல் மட்டும்தான் தெரியும். முகம் தெரியாது, நிஜப் பெயர் தெரியாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் நாம் வேலை செய்கிற இடத்தை, நம் வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

வாடிக்கையாளர் ஒருத்தர் இருக்கிறார். தினமும் வருவார். மரியாதையான ஆள்தான், ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை. எதைச் செய்வதற்கு முன்னாலும் "பொறுமை, பொறுமை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். போன வாரம் திடீரென்று, "உங்க பக்கத்துல இரும்புக் கதவு திறக்கற சத்தம் கேக்குதே, பட்டறை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

வாலு


மார்ச் 8

வாலு,

கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கண்ணாடி போட்டிருந்ததால் கிழிக்கும் முன் கண் படித்துவிட்டது.

உன் கேள்விக்குப் பதில்: முடியாது. குரலை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கிறவன் சினிமாவில்தான் இருக்கிறான். ஊரில் ஆயிரம் பட்டறை இருக்கும். நீ சின்ன வயதில் பல்லி விழுந்ததற்கே மூன்று நாள் காய்ச்சலில் படுத்தவள். சாப்பிடு. என்ன வேலை என்று சொல்லாமல் மூடி மூடிப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல வேலையென்றால் அக்காவிடம் சொல்ல என்ன கேடு?

என் பாட்டைக் கேட்கிறாயா? கம்பெனிகளுக்கு விலை போடுகிற அதே வேலைதான். இந்த முறை ஒரு விளையாட்டுக் கம்பெனி. பெயர் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது. போனில் நாலு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சீட்டு ஆடுகிற விளையாட்டு. பெரிய முதலாளி ஒருவர் இதை வாங்கப் பார்க்கிறார், என்ன விலை கொடுக்கலாம் என்று என்னைக் கேட்கிறார். செருப்புக் கம்பெனி என்றால் இயந்திரத்தைப் பார்க்கலாம், கிடங்கைப் பார்க்கலாம். இங்கே தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. விளையாடுகிறவர்கள்தான் சரக்கு. அவர்கள் எந்த வயது, ஆணா பெண்ணா, தனி ஆளா குடும்பஸ்தரா என்பதில்தான் விலை முழுக்க நிற்கிறது. கல்லூரிப் பையன்கள் லட்சம் பேர் இருந்தாலும் காசு தேறாது. நாற்பதைத் தாண்டிய தனி ஆண்கள்தான் செலவு செய்கிறார்கள். ஆனால் மேஜையில் ஒரு பெண்ணாவது இருந்தால்தான் உட்காருகிறார்கள். பெண்கள் ஒரு காசு போடுவதில்லை, ஆனால் அவர்கள் எழுந்து போனால் கடையே காலி. ஆகவே பெண்கள் எத்தனை பேர் என்பதுதான் இந்தக் கம்பெனியின் விலை.

அவர்கள் காட்டுகிற கணக்கில் பெண்கள் ஏகத்துக்கு இருக்கிறார்கள். நான் நம்பவில்லை. பாதிப் பேர் பெண் பெயரில், குரலை மாற்றி ஆடுகிற ஆண்களாக இருக்கும் என்று நினைத்தேன். அதனால் ஒரு வழி செய்தேன். பெண் என்று சொல்கிறவர்கள் நிஜமான முகவரியைத் தர வேண்டும். எங்கள் ஆபீசிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு அட்டை போகும், அந்தப் பெண்ணின் கையில்தான் கொடுப்பார்கள். அதில் இருக்கும் எண்ணை விளையாட்டுக்குள் போட்டால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி வரும். இத்தோடு விடவில்லை நான். குறிக்குக் கீழே ஊரும் தெருவும் தெரிந்தால் ஆடுகிற ஆண்களுக்கும் நம்பிக்கை கூடும், மதிப்பும் கூடும் என்று ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன். வாங்க வந்த முதலாளி அசந்துபோய்விட்டார். கம்பெனிக்காரர்கள் மறுநாளே செய்துவிட்டார்கள். உன் அக்கா மூளைக்காரிதான், ஒத்துக்கொள்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த வேகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தப் பச்சைக் குறிக்குக் கீழே இருக்கிற தெருப் பெயரை எடுக்கச் சொல்ல முடியுமா? இன்றைக்கே. ஏன் என்று கேட்காதே. நீதானே எழுதிக் கொடுத்தாய், நீ சொன்னால் கேட்க மாட்டார்களா? ஒரு வரி சேர்க்கத் தெரிந்தவளுக்கு ஒரு வரி அடிக்கத் தெரியாதா?

இங்கே ரெண்டு விஷயம் நடந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கீழ்வீட்டு அம்மா ஒரு பார்சலைக் கொண்டுவந்து, "இந்தப் பேருல நம்ம தெருவுல யாராவது இருக்காங்களாம்மா? கொண்டாந்தவரு வீடு வீடா கேட்டுக்கிட்டு போறாரு" என்றார். மேலே எழுதியிருந்த பெயர் என் நிஜப் பெயர் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பெயர். தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது போன். எடுத்தால் யாரும் பேசுவதில்லை. மூச்சு மட்டும் கேட்கும், பின்னால் ஒரு கார் ஓடுகிற சத்தம் கேட்கும். நான் "ஹலோ" என்று சொன்னதும் வைத்துவிடுவார்கள். நம்பர் எப்படிப் போயிற்று என்று முனையில் இருக்கிற ரீசார்ஜ் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு பொண்ணோட சித்தப்பான்னு சொல்லி ஒருத்தர் வந்தாருங்க, இந்தத் தெருவுல தனியா இருக்கற பொண்ணுங்க நம்பர் கேட்டாரு, மூணு நம்பர் குடுத்தேன்" என்றார். நமக்கு ஏது சித்தப்பா? மூன்று நம்பரையும் அடித்துப் பார்த்திருக்கிறார். என் குரலைக் கேட்டுத்தான் வைத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், வேலையில் நான் பேசுகிற குரல் வேறு. வீட்டில் பேசுகிற குரல் வேறு. அதனால் மூன்றில் எது என்று இன்னும் குழம்பிக்கொண்டிருப்பார். அந்தக் குழப்பம்தான் இப்போது எனக்குக் காவல்.

சிம்மைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். இனிமேல் கடிதம்தான்.

வாலு


மார்ச் 19

வாலு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்த அறையிலா இருக்கிறாய்?

நான் எந்த அறையைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்தால் அதுவே எனக்குப் பதில்.

உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து அந்தப் பெண்கள் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று பார்த்தேன். இவ்வளவு நாளும் அவர்கள் பெண்களா என்றுதான் பார்த்தேனே தவிர, விளையாட வந்தவர்களா என்று பார்க்கவே இல்லை. விளையாடுகிறவர்கள் தோன்றினால் வருவார்கள், அலுத்தால் போவார்கள். பச்சைக் குறி வாங்கிய இந்தப் பெண்கள் ரெண்டு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் வருகிறார்கள். நாலரைக்கு எல்லா மேஜையிலிருந்தும் ஒன்றாகக் காணாமல் போகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றாகத் திரும்புகிறார்கள். ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒன்றாக டீ குடிக்கப் போகிறீர்கள், அப்படித்தானே? எட்டு மணிக்கு எல்லோரும் போய்விடுகிறீர்கள். ரெண்டிலிருந்து எட்டு வரை போனைப் பூட்டி வைக்கிறார்கள் என்று நீ எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன். 

கம்பெனியை விற்கிறவன் கூலிக்கு ஆள் வைத்து விளையாட வந்த பெண்கள் என்று காட்டுகிறான். ஏமாற்றுக்காரன், சரி. அவனைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் அட்டை அனுப்பச் சொன்னேன். அட்டை நிஜமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால் அவன் உங்கள் சொந்த வீட்டு முகவரியை வாங்கிக் கொடுத்திருக்கிறான். தெருவைக் காட்டச் சொன்னதும் நான்தான். உன் தெருவை அந்த ஆள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தானா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. பூசி மெழுகாதே.

எனக்குப் பயமாக இருக்கிறதடி. எனக்குப் பயம் என்று நீ கேட்டிருக்கவே மாட்டாய்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

ஆமாம்.

எழுதிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. முழுசாகச் சொல்கிறேன்.

ஒரு பழைய துணிக்கடையின் மாடி, பக்கத்தில் இரும்புப் பட்டறை. துணி போட்டுப் பார்க்கிற சின்னச் சின்ன அறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள், திரைச்சீலைகூட அதேதான். ஒவ்வொன்றிலும் ஒரு பெண், ஒரு ஹெட்போன், ஒரு போன். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டு டீச்சர். அந்தப் பக்கம் கணவன் விட்டுப் போன ஒரு தையல்காரி. நடுவில் மேற்பார்வையாளர் நடந்துகொண்டே இருப்பார். யாராவது ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் பல்லிடுக்கில் விசில் அடிப்பார், அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். நான் மழைத்துளி. வயது இருபத்திரண்டு. நர்சிங் படிக்கிறேன். மழை பிடிக்கும். முப்பத்தொன்றாகிற உன் தங்கச்சி தினம் ஆறு மணி நேரம் மூக்கால் பேசிச் சிரிக்கிறாள். கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். முதலில் எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த ஆள் மேஜையில் வைத்துக்கொண்டிருக்கும் பெயர் மாலுமி. நாங்கள் நினைத்தது போல வழிகிற ஆள் இல்லை. அதுதான் பயம். நான் சொன்ன பொய் ஒன்றையும் அவர் மறப்பதில்லை. "போன மாசம் உங்களுக்குத் தம்பி இருக்கான்னு சொன்னீங்க, இன்னிக்கு ஒரே பொண்ணுன்னு சொல்றீங்களே? பரவால்ல, பொறுமை, பொறுமை, நேர்ல பேசிக்கலாம்." இதைக் கோபமே இல்லாமல் சொல்வார். பச்சைக் குறி வந்த அன்று என் தெருவின் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினார். விசிலிடம் போய் அழுதேன். "நல்ல கஸ்டமர். உன்னால தினமும் செலவு பண்றாரு. விக்கற நேரத்துல கலாட்டா பண்ணாத" என்றார்.

வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும் அவர் தெருவிலேயே வந்து காத்திருக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். எதிர் வரிசையில் ஒரு சாம்பல் நிறக் கார் நிற்கிறது. ஒருத்தர் உள்ளேயே உட்கார்ந்து மாடி மாடியாகப் பார்க்கிறார். துணி காயப் போட வெளியே போவதில்லை. குழாயைத் திறந்தால் சத்தம் கேட்குமோ என்று பாதி திருகிப் பிடிக்கிறேன். கீழ்வீட்டு அம்மாதான் சாமான் வாங்கித் தருகிறார். இந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

போலீசுக்குப் போகலாம்தான். என்னவென்று சொல்வது? பொய்ப் பெயரில் சிரித்துச் சம்பளம் வாங்கினேன், அவர் நம்பிவிட்டார் என்றா?

நீ உண்மையைச் சொன்னால் உன் வேலைக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும். தங்கச்சியே அங்கே உட்கார்ந்திருந்தாள், உனக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என்னால் அப்படி எழுத முடியவில்லை அக்கா. ஏதாவது செய்.

வாலு


மார்ச் 28

வாலு,

செய்துவிட்டேன்.

மேலதிகாரியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னேன். விளையாட வருகிற பெண்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, இருப்பவர்கள் கூலிக்கு வந்தவர்கள், அவர்களை எடுத்துவிட்டால் ஆண்கள் ஒரு மாதம்கூடத் தங்க மாட்டார்கள், ஆகவே இந்தக் கம்பெனிக்கு விலையே கிடையாது என்றேன். அந்தப் பெண்களில் ஒருத்தி என் தங்கை என்றும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். முதலில் எனக்கே தெரியாது என்றால் யார் நம்புகிறார்கள்? அவர் கண்ணில் நான் உன்னோடு கூட்டு.

தெருப் பெயர்களை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் எடுத்தார்கள். ஆனால் தெரிந்துகொண்டவனுக்குத் தெரிந்ததுதானே. அதை அழிக்க என்னிடம் வழியில்லை.

விசாரணை முடிகிற வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் இருந்த ஒரே போன் ஆபீஸ் போன், அதையும் மடிக்கணினியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூப்பிட்ட நேரத்தில் வர வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கினார்கள். இல்லையென்றால் இந்நேரம் உன் தெருவில் நின்று அந்தக் கார்க் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

நீ கிளம்பி வா. பெட்டி கட்டாதே, உடுத்தின துணியோடு வா. கீழ்வீட்டு அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை போ. வாசப்படி ஏறாதே என்று சொன்ன வாயை நானே அடித்துக்கொள்கிறேன். எங்கும் போக மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன். நீ எந்நேரம் வந்தாலும் சரி, தட்டினால் போதும். யாரென்றுகூடக் கேட்காமல் ஓடி வந்து திறப்பேன்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன் எழுந்து போய் வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு வா. போட்டாயா? இப்போது படி.

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. அவர் நேற்றே வந்துவிட்டார்.

மதியம், கீழ்வீட்டு அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். படியில் மெதுவாக ஏறி வருகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார். நான் மூச்சுக்கூட விடவில்லை. மறுபடி தட்டினார். "பொறுமை, பொறுமை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது. அவ்வளவுதான், பின்னால் நகர்ந்தேன். நகர்ந்ததில் பக்கத்திலிருந்த குடத்தைத் தட்டிவிட்டேன்.

"யாரோ உள்ளதான் இருக்கீங்க. பயப்படாதீங்க. மழைத்துளின்னு ஒரு பொண்ணைத் தேடி வந்திருக்கேன். நர்சிங் படிக்கற பொண்ணு."

ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தேன். வெள்ளைச் சட்டை, நன்றாகச் சவரம் செய்த முகம், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் மாதிரி இருக்கிறார். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. அவர் தேடுவது இருபத்திரண்டு வயதுப் பெண்ணை. நானோ தலை வாராமல், கண்ணுக்குக் கீழே கருத்துப்போய் நிற்கிறேன். என் சொந்தக் குரலில், கரகரவென்று, "அந்தப் பொண்ணு காலி பண்ணிட்டுப் போயிடுச்சே" என்றேன். நம்பிவிட்டார். ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டேன்.

"எங்க போனாங்க?"

"அவங்க அக்கா வீட்டுக்கு."

"அட்ரஸ் தெரியுமாங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் தெரியும் அக்கா, நூறு தடவை யோசித்துவிட்டேன். ஆனால் அவர் ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு, முகத்தைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார். முகவரி சொன்னால் போய்விடுவார், சொல்லாவிட்டால் போக மாட்டார் என்பது ஒன்றுதான் என் மூளையில் ஓடியது. ஏதாவது ஒரு முகவரி வேண்டும். பொய்யாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தேன். மாதம் முழுக்க கவரில் எழுதி எழுதிப் பழகியது வந்தது. கதவு எண்ணிலிருந்து கடைசி வரை ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொல்லி முடித்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து சின்னத் தாளை எடுத்து எழுதிக்கொண்டார். தெருப் பெயரை எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டி, "சரிதானேங்க?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"ரொம்ப நன்றிங்க. ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். நேர்லயே போய்ப் பாத்துடறேன்."

சாம்பல் நிறக் கார் நேற்று சாயங்காலத்திலிருந்து எதிரில் இல்லை.

கீழ்வீட்டு அம்மாவின் போனிலிருந்து உன் ஆபீசுக்குப் பேசினேன். நீ லீவில் இருக்கிறாய், வேறு நம்பர் தெரியாது என்று வைத்துவிட்டார்கள். உன் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினேன். "ஒண்ணும் நடக்கலையேம்மா, நேர்ல வந்து எழுதிக் குடுங்க" என்கிறார்கள். பஸ் நிலையத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் பஸ் நாளைக் காலைதான் உன் ஊர் சேரும். பக்கத்தில் இருக்கிற கூரியர் ஆபீசில், விமானத்தில் அனுப்பி இன்று சாயங்காலத்துக்குள் கையில் சேர்த்துவிடுவோம் என்று சத்தியம் செய்கிறார்கள். அதனால்தான் கடிதம். அவர் வழியில் எங்கேயாவது தூங்கியிருக்க வேண்டும், டயர் பஞ்சராகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

வெளியே வந்தாயா, பயமில்லையா என்று கேட்பாய். இங்கே பயப்பட இனி ஒன்றும் இல்லையே. எல்லாவற்றையும் உன் பக்கம் அனுப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்களை வந்து கூட இருக்கச் சொல். மரியாதையாகப் பேசுவார், நம்பிவிடாதே. நான் செத்துப்போய்விட்டேன், ஊரை விட்டுப் போய்விட்டேன், எதை வேண்டுமானாலும் சொல்லி அனுப்பு, ஆனால் கதவை மட்டும் திறக்காதே. கூரியர்க்காரர் என்று இனி யார் வந்தாலும் திறக்காதே. நாளைக் காலை நான் வந்து தட்டினாலும் ஓடி வந்து திறக்காதே அக்கா. முதலில் ஜன்னல் வழியாக, என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்.

வாலு